பழைய ஒயரில் காப்பர் எடுத்த அனுபவங்கள்

மன்னார்குடி மோட்டார்க் கடை:
போர்வெல்லிலிருந்து மோட்டாரோடு மேலே வந்த மூணு கோர் (உள்ளே தனித்தனி உறை போட்ட மூணு கம்பி) பட்டை ஒயர், 100 மீட்டர். உறையில் 2.5 ஸ்கொயர் எம்எம் (ஒரு கோர் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு) என்று அச்சு. ஒரு கோருக்கு மீட்டருக்கு 22.4 கிராம், ஆக 6.7 கிலோ காப்பர் வரணும். தராசு 5.4-ல் நின்றுவிட்டது. கம்பியே மெலிசு. விலை பேசுமுன் ஒரு மீட்டர் வெட்டி, உரித்து, நிறுத்துப் பாருங்க.

வேதாரண்யம் வயரிங்:
2018-ல் கஜா புயல் அடித்த பிறகு, அறுந்து கிடந்த சர்வீஸ் ஒயரைத் தென்னை மட்டை போட்டுக் கொளுத்தினாங்க. சாம்பலைக் கிளறினால் கம்பி இல்லை, வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிடும். காப்பர் உருக 1085 வேணும். ஆனாலும் கருகிப்போய் விலை இறங்கும். பிவிசி (பிளாஸ்டிக் உறை) புகையில் அமில ஆவி, டையாக்சின் என்கிற நச்சு ரெண்டும் உண்டு. காப்பர் பக்கத்தில் இருந்தால் டையாக்சின் இன்னும் கூடும். பழைய உறையில் ஈயமும் இருக்கும். அந்தச் சாம்பலை வாய்க்காலில் கொட்டவே கூடாது.

கும்பகோணம் பட்டறை:
வேதாரண்யம் சொன்னது சரி, ஆனால் வெள்ளையெல்லாம் அலுமினியம் இல்லை. பழைய ரப்பர் ஒயரில் காப்பருக்கு வெள்ளீயம் பூசியிருப்பாங்க. ரப்பரில் இருக்கிற கந்தகம் காப்பரை அரித்துவிடும் என்பதால். அரத்தால் ஒரு இழுப்பு: உள்ளே சிவப்பு என்றால் காப்பர். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் காப்பர் முலாம் போட்ட அலுமினியம், அதைத் தனியாக வையுங்க.

உரிக்கிற மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: ஒயரைத் தடிமன்வாரியாகப் பிரித்த பிறகுதான் பிளேடு செட் பண்ணணும். ஆழம் கூடினால் காப்பர் சீவிக்கொண்டு உறையோடு குப்பைக்குப் போகும். குறைந்தால் உறை பிளக்காமல் வழுக்கும். ஒரு அடித் துண்டை விட்டுப் பாருங்க. கம்பியில் கீறல் விழாமல் உறை மட்டும் வாய் பிளக்கணும். அரைமணி நேரம் வெயிலில் போட்டால் பிவிசி இளகும், பிளேடு லேசாக ஓடும். பட்டை ஒயருக்கு முதலில் மேலுறை, அப்புறம் ஒவ்வொரு கோராக. நிலத்தடிக் கேபிள் என்றால் இரும்புப் பட்டையைக் கழற்றாமல் மெஷினில் விடாதீங்க, பிளேடு போய்விடும். தலைமுடி மாதிரி இழை உள்ள ஒயரை உரித்துக் கட்டுப்படியாகாது. பொடியாக நறுக்கிக் காற்றில் பிரிக்கிற இடத்துக்கு அனுப்பணும். சால்டர் வைத்த முனைகளை வெட்டி எறியுங்க, உருக்கும்போது ஈயம் கலந்துவிடும்.

மோட்டார்க்காரரே, 5.4 என்றதும் கம்பிமேல் பழி போடாதீங்க. நீளத்தை டேப் வைத்து அளந்தீங்களா?

மன்னார்குடி மோட்டார்க் கடை:
டேப் போட்டுத்தான் அளந்தது. ஒரு மீட்டரில் மூணு கோரும் சேர்த்து 54 கிராம். 67 இருக்கணும். அது 2 ஸ்கொயர் கம்பி.