ஹார்டியின் ‘மனம் கலங்கிய போதகர்’: லிஸ்ஸிக்கு உரிய முடிவு எது?

வைகறை:
ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டி 1888இல் வெளியிட்ட ‘வெஸ்ஸெக்ஸ் கதைகள்’ தொகுப்பின் கடைசிக் கதையான ‘மனம் கலங்கிய போதகர்’ முடியும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இளம் விதவையான லிஸ்ஸி நியூபெரி, இறந்த கணவனின் மேலங்கியை அணிந்துகொண்டு இரவில் கடற்கரைக்குச் சென்று, தீர்வை கட்டாத பிராந்திப் பீப்பாய்களைக் கரைசேர்க்கத் துணைநிற்பவள். அப்பாவும் பாட்டனும் செய்ததையே தானும் செய்வதாகச் சொல்லும் அவள், தன் வீட்டில் தங்கியிருக்கும் மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஸ்டாக்டேல் எவ்வளவு மன்றாடியும் இணங்கவில்லை. அப்படிப்பட்டவளைக் கடைசிச் சில பத்திகளில் திருத்தி, அவருக்கே மணமுடித்து வைத்துவிடுகிறார் ஹார்டி. 1912ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த குறிப்பிலோ, அக்காலப் பத்திரிகை வழக்கத்துக்காக எழுதிய முடிவு அது என்றும், உண்மையில் லிஸ்ஸி கடத்தல்காரன் ஜிம்மை மணந்து அவனோடு அமெரிக்கா சென்றாள் என்றும், அது அவளுக்குப் பெருமையே என்றும் அவரே சொல்கிறார். ஆகவே அந்தக் குறிப்பையே கதையின் முடிவாகக் கொள்ள வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
நான் மறுக்கிறேன். அதே 1912ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு கதையை வேறு தொகுப்புக்கு மாற்றி, அங்கிருந்து இரண்டு கதைகளை இங்கே கொண்டுவந்தவர் ஹார்டி. அவ்வளவு தூரம் கைவைத்தவர் இந்தக் கதையின் முடிவை மாற்றி எழுதியிருக்க முடியாதா? கடைசிப் பத்தியை நிதானமாக வாசியுங்கள். மணமான பிறகு லிஸ்ஸி, தன் சொந்த அனுபவத்தைப் பெயர் சொல்லாமல் முன்கதையாக வைத்து, ஒரு சமயத் துண்டுநூல் எழுதுகிறாள். கணவர் அதில் சில திருத்தங்கள் செய்து, தன்னுடைய வலுவான வாக்கியங்கள் சிலவற்றையும் சேர்த்து அச்சிடுகிறார். சுங்க அதிகாரிகளைத் திணறடித்த ஒருத்தியின் வாழ்க்கைக் கதைகூட இன்னொருவர் கைபட்டுத்தான் வெளிவருகிறது. மகிழ்ச்சியான முடிவு என்று நீங்கள் ஒதுக்குகிற இடத்தில் எனக்குத் தெரிவது பெரும் இழப்பு.

வைகறை:
அந்தப் பத்தியை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இழப்பு, 1879இல் கதை முதலில் வெளிவந்த பத்திரிகையில் அதைப் படித்தவர்களுக்குப் புலப்பட்டிருக்குமா? அவர்கள் கண்டது மனந்திருந்திய ஒரு பெண்ணை மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆசிரியர் தம் விருப்பத்தைப் பதிவுசெய்யத் துடித்திருக்கிறார் என்றால், மனக்குறை அவருக்கே இருந்திருக்கிறது.

ஆற்றங்கரை:
இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். இதே தொகுப்பிலுள்ள ‘வாடிய கை’ கதையில் ரோடா புரூக்கை அழுத்தும் துர்க்கனவு இரவில் வருகிறது. நிஜத்தில் அது வெக்கையான ஒரு பிற்பகலில் நேர்ந்தது என்றும், பகலில் நேர்வதே தம் மனத்துக்கு அழுத்தமாகப் படுகிறது என்றும் ஹார்டி பின்னர் முன்னுரையில் எழுதினார். அங்கும் கதையை அவர் மாற்றவில்லை. ஆகவே கதையை அச்சேறியபடியே விட்டு, கேள்விப்பட்டதைப் பக்கத்தில் எழுதி வைப்பது அவருடைய வழக்கம் என்றே நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
நன்றி. ஆனால் ரோடாவின் கனவு பகலில் வந்ததா இரவில் வந்ததா என்பது ஒரு விவரம் மட்டுமே. லிஸ்ஸி யாரோடு போனாள் என்பதோ அவளுடைய முழு வாழ்க்கை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.