கண்ணாடிக்கு எந்தப் பசை? ஒட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்:

கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை ஆனால் நம் ஆட்கள் பொட்டலத்தோடு வருவார்கள். ஷோகேஸ் தட்டு, சாமி மாடத்துக் கதவு என்று ஏதாவது இருக்கும். பாதிக்கு மேல் ஏற்கெனவே சூப்பர் க்ளூ தடவியிருக்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும். நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை, சட்டென்று பிடித்துவிடும். ஆனால் இறுகிய பிறகு கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. மேசையில் ஒருமுறை தட்டிவிட்டால் பிரிந்து வந்துவிடும்.

எந்தப் பசை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அது தண்ணீரில் நிற்குமா, சூடு படுமா, எடை தாங்கணுமா, எதோடு ஒட்டப் போகிறீர்கள்? அலுமினியம் சூட்டில் கண்ணாடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரியும். அந்த இடத்தில் கல் மாதிரி இறுகும் பசை போட்டால் ஒட்டு விடும், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். அங்கே ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சிலிக்கான் பசைதான் சரி.

கண்ணாடியோடு கண்ணாடி, ஒட்டுத் தெரியக் கூடாது என்றால் யூவி பசை, அதாவது புற ஊதா விளக்கு அடித்து இறுக வைக்கும் பசை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் இரண்டு விளிம்பையும் துடைத்துவிட்டு, பசை இல்லாமலே பொருத்தி வையுங்கள். ஊசிமுனையால் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும், இடுக்கு தானே இழுத்துக்கொள்ளும். பசை போகப்போக உள்ளே தெரிகிற வெள்ளிப் பளபளப்பு நகர்ந்து நகர்ந்து மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். தூசி இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு மறையாமல் நிற்கும். அப்போதே பிரித்துத் துடைத்துவிடலாம், விளக்கு அடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னலோரம் வைத்துச் செய்யாதீர்கள், நீங்கள் தயாராகும் முன்னே வெயில் அதை இறுக்கிவிடும். லேமினேட் கண்ணாடியின் வழியாக விளக்கு அடித்தாலும் பலன் இல்லை. நடுவிலுள்ள பிளாஸ்டிக் ஏடு புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும்.

ஈசூன் மீன்தொட்டி:

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் தொட்டியில் கசிவு என்று குளியலறை சிலிக்கான் வாங்கிப் பூசினார். பூஞ்சை பிடிக்காது என்று குழாயிலேயே போட்டிருந்ததாம். பூஞ்சையைக் கொல்லும் அந்த மருந்து தண்ணீரில் இறங்கினால் மீனையும் விடாது. அத்தனையும் போய்விட்டன, பாவம். மீன்தொட்டிக்கு என்று சொல்லி, மருந்து கலக்காததைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, பழைய சிலிக்கான் மேலேயே புதியதைப் பூசினால் பிடிக்காது. பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் கசிவு நிற்கும். பூசிய பிறகு அவசரமே வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். இந்த வகை சிலிக்கான் இறுகும்போது வினிகர் வாடை வரும், நான் அது சுத்தமாகப் போகும் வரை தண்ணீர் ஊற்றுவதில்லை.

பிடோக் வாசி:

அந்த வினிகர் வாடைதான் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியைக் கெடுத்தது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் புதுப்பிப்பு வேலை நடந்தபோது குத்தகைக்காரர் அந்த சிலிக்கானைப் பின்னால் அப்பிச் சுவரில் ஒட்டிவிட்டார். சில மாதத்தில் உள்ளிருந்து கறுப்புத் திட்டுகள் கிளம்பின. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அம்மா தினமும் பொட்டு வைக்கும் கண்ணாடி அது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்:

அக்கா, அது அழுக்கு இல்லை. அந்த சிலிக்கான் இறுகும்போது விடும் அமிலம் பின்பூச்சின் வழியே வெள்ளியைத் தின்றுவிட்டது. திரும்பி வராது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். அடுத்த முறை அந்த அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கான் என்று கேளுங்கள். அதையும் செங்குத்தாகக் கோடு கோடாகப் போடச் சொல்லுங்கள். சுற்றிலும் வட்டமாகப் போட்டு அடைத்துவிட்டால் நடுவில் காற்று போகாது, பசை காயவும் காயாது.

உட்லண்ட்ஸ் அம்மா:

பூஜை அறையில் தொங்கும் பித்தளைக் கூண்டு விளக்கில் ஒரு பக்கக் கண்ணாடி கழன்றுவிட்டது. உள்ளே விளக்கு எரியும். என் மகன், இரண்டு குழாயைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை இருக்கிறது, ஒட்டித் தருகிறேன் என்கிறான். சரியா தம்பி?

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்:

வேண்டாம் அம்மா. சாதாரண எபாக்ஸி சூட்டில் இளகும், நாளடைவில் மஞ்சளாகும். பித்தளையும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதும் இல்லை. சூடு தாங்கும் சிலிக்கானிலேயே நியூட்ரல் வகை பாருங்கள், வினிகர் வாடை வருவது பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போக முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, பிறகு ஆல்கஹாலால் துடைக்கணும். கண்ணாடியில் விரிசல் இருந்தால் ஒட்டவே ஒட்டாதீர்கள், அளவு எடுத்துப் புதிதாக வெட்டிப் போடுங்கள். பசை முழுக்கக் காயும் வரை உள்ளே திரி ஏற்ற வேண்டாம்.