முடிவெடுக்கும் ஆள் யார்? பிஎஸ்எஸ் இணைப்பு வேலையில் பட்ட அனுபவங்கள்

சென்னை பில்லிங்

எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருடமாகத் தொலைத்தொடர்பு பில்லிங்கில் இருக்கிறேன். சிம் விற்பது, பிளான் போடுவது, ஆர்டர், ரீசார்ஜ், பில், வசூல், புகார் என்று வாடிக்கையாளரோடும் அவர் பணத்தோடும் சம்பந்தப்பட்ட எல்லா அமைப்புகளையும் சேர்த்துத்தான் பிஎஸ்எஸ் என்கிறோம். அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் வேலையில் எனக்கு மறக்க முடியாத நாள் 2017 ஜூன் 30. முதலில் நான் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் உங்களுடையதை எழுதுங்கள்.

அதுவரை சேவை வரி 15 சதவீதம். அது மத்திய அரசின் வரி என்பதால் வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்றாலும் பில்லில் ஒரே கணக்கு. ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் 9 மத்திய அரசுக்கு, 9 மாநிலத்துக்கு. ஆக ஒவ்வொரு பில்லுக்கும் எந்த மாநிலம் என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் எங்கள் அமைப்புகள் எல்லாம் சர்க்கிளை, அதாவது தொலைத்தொடர்பு உரிமத்துக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகளை, வைத்துக் கட்டப்பட்டவை. தமிழ்நாடு சர்க்கிளுக்குள்ளேதான் புதுச்சேரியும் காரைக்காலும் இருக்கின்றன. மாஹே கேரள சர்க்கிளில், ஏனாம் ஆந்திர சர்க்கிளில். ஜிஎஸ்டியிலோ தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34 என்று தனித்தனி எண்.

பின்கோடை வைத்துப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். 605இல் தொடங்கும் பின்கோடு புதுச்சேரியிலும் உண்டு, விழுப்புரத்திலும் உண்டு. காரைக்காலுக்கு 609602, மயிலாடுதுறைக்கு 609001. முதல் மூன்று இலக்கத்தை நம்பினால் கதை முடிந்தது. புதுச்சேரிப் பகுதியே ஒரு துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பதை அந்தப் பக்கம் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. போஸ்ட்பெய்டுக்கு நிறுவனத்தின் பதிவில் உள்ள பில் முகவரி. லேண்ட்லைனுக்கும் லீஸ்டு லைனுக்கும் இணைப்பு பொருத்தியிருக்கும் இடம். ப்ரீபெய்டில் ஏஜென்ட் வழியாக விற்றால் அந்த ஏஜென்டின் முகவரி, ஆன்லைனில் பணம் கட்டினால் பதிவில் உள்ள வாடிக்கையாளரின் இடம். இதில் 'பதிவு' என்பது எந்தப் பதிவு? நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சிஆர்எம்மில் ஒரு முகவரி, பில்லிங்கில் ஒரு முகவரி, கணக்குத் துறையின் ஈஆர்பியில் இன்னொன்று. ஒரே ஆளுக்கு 'பாண்டி', 'புதுவை', 'பாண்டிச்சேரி' என்று மூன்று விதமாக இருக்கும். மூன்று குழுத் தலைவர்களும் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். மூவருமே "எங்கள் சிஸ்டத்தில் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். அவரவர் அளவில் அது உண்மையும்கூட.

அந்த ஒரு கேள்வி ஆறு வாரம் பிரச்சினைப் பட்டியலில் கிடந்தது. வாரம் தவறாமல் கூட்டம் நடக்கும், அதற்கு நேரே 'விவாதத்தில் உள்ளது' என்று எழுதுவோம். கடைசியில் வரிப் பிரிவிலிருந்த ஒரு மூத்த அதிகாரி, ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தவர், ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பில் முகவரிக்குச் சொந்தம் சிஆர்எம். பில்லிங் அதை வாங்கிக்கொள்ளும், திருத்தாது. ஈஆர்பி பில்லிங்கிடமிருந்து எடுக்கும். மாநிலம் தெரியாத கணக்குக்குப் பில் போகாது, தனி வரிசையில் நிற்கும், அந்த வரிசைக்கு இன்னார் பொறுப்பு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிரல் எழுத நான்கு நாள் போதுமானதாக இருந்தது.

ஆனால் போன ஆறு வாரம் போனதுதான். மூன்று முறை நடத்த வேண்டிய மாதிரி பில் ரன்னை ஒரே முறைதான் நடத்த முடிந்தது. முதல் மாதம் காரைக்கால் கணக்குகள் சிலவற்றுக்குத் தமிழ்நாட்டு வரி விழுந்துவிட்டது. அங்கே சின்ன அச்சகம் வைத்திருந்த ஒருவர் உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியாமல் மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை பேசியது நான். கிரெடிட் நோட் போட்டு, புது பில் அனுப்பி எல்லாம் சரிசெய்தோம். "நான் கடை வச்சு இருபது வருஷமா ஒரே அட்ரஸ்லதான் சார் இருக்கேன்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

போர்ட்டிங் பிரிவு

சார், உங்கள் அச்சகக்காரரைப் படித்ததும் எனக்கு எம்என்பி, அதாவது எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் (போர்ட் செய்யும்) வசதி, வந்த நாட்கள் ஞாபகம் வந்துவிட்டது. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20இல் நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன் எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்தே எந்த நிறுவனம், எந்த சர்க்கிள் என்று சொல்லிவிடலாம். அந்த நம்பிக்கையில் எழுதிய நிரல்கள் எங்கெங்கே ஒளிந்திருந்தன என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு மாதக் கணக்கில் ஆனது. கமிஷன் கணக்கில் ஒன்று, ரோமிங் கட்டணத்தில் ஒன்று, புகார் படிவத்தில்கூட ஒன்று.

ஆனால் நான் சொல்ல வந்தது 2019 டிசம்பர் 16இல் வந்த மாற்றத்தை. ஒரே சர்க்கிளுக்குள் போர்ட் செய்தால் 3 வேலை நாள், சர்க்கிள் விட்டு சர்க்கிள் என்றால் 5 வேலை நாள் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருந்த எங்களுக்குப் பெரிய மாற்றம் வேறு. 1900க்கு மெசேஜ் அனுப்பியதும், போர்ட் செய்யத் தேவையான யுபிசி குறியீட்டைத் தருவதற்கு முன்பே, அந்த வாடிக்கையாளருக்குப் பாக்கி இருக்கிறதா என்று பழைய நிறுவனத்தின் தரவுத்தளத்தில் அப்போதே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதாவது நம் பில்லிங் அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருந்த இடத்தில் கடையில் கட்டிய பணம் பில்லிங்குக்கு மறுநாள் அதிகாலைதான் வந்து சேரும். அன்றைக்குச் சேர்ந்ததை இரவில் மொத்தமாக ஏற்றும் பேட்ச். காலை 11 மணிக்குப் பாக்கியைக் கட்டிவிட்டு, 11.10க்கு மெசேஜ் அனுப்புகிறவருக்கு 'பாக்கி உள்ளது' என்று பதில் போகும். சரிசெய்ய வழி இருந்தது. வசூல் லெட்ஜரை நேரடியாகக் கேட்டால் போதும். ஆனால் திட்டக் கூட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு மட்டும் ஆர்வம் காட்டவில்லை. வெளியே போகிற வாடிக்கையாளருக்காக எதற்குச் செலவு என்று நேரடியாகச் சொல்லவில்லை, 'இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்' என்றார்கள். இரண்டாம் கட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ரெகுலேட்டரி அதிகாரி ஒரு பெண்மணி. அவருக்கு நிரல் தெரியாது. ஆனால் ஸ்டீரிங் கமிட்டியில் எழுந்து, "பணம் கட்டியவரைக் கட்டவில்லை என்று நம் சிஸ்டம் சொல்லும். அது தெரிந்தே இதை லைவ் விடப் போகிறோம் என்றால் அந்த வரியை மினிட்ஸில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். யாரும் போடவில்லை. அடுத்த வாரமே பட்ஜெட் வந்தது. திட்ட நிர்வாகம் பற்றி நான் போன பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும்விட அந்த ஐந்து நிமிடம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

கோவை, எட்டு மாத அனுபவம்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு இன்டக்ரேஷன் டீமில் புதிது. எனக்கு ஒரு சந்தேகம். அமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு டிஎம் ஃபோரம் என்ற தொலைத்தொடர்புத் துறைக் கூட்டமைப்பு வகுத்த பொது இடைமுகங்கள், ஓபன் ஏபிஐ எல்லாம் இருக்கிறதே, பிளான் பட்டியலுக்கு 620, ஆர்டருக்கு 622 என்று. எல்லா வென்டரும் அதையே பின்பற்றினால் இந்தப் பிரச்சினைகள் வராதுதானே? எங்கள் டிசைன் டாக்குமென்ட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

ஆர்கிடெக்ட், சிங்கப்பூர்

தம்பி, நல்ல கேள்வி. அந்த ஏபிஐகள் வந்ததால் மாதக் கணக்கில் வேலை மிச்சமானது உண்மை. விட்டுவிடாதீர்கள். ஆனால் செய்தி எந்த வடிவத்தில் போக வேண்டும் என்பதைத்தான் அவை சொல்லும். உள்ளே இருக்கும் சொல்லுக்கு உங்கள் நிறுவனத்தில் என்ன பொருள் என்று அவற்றுக்குத் தெரியாது.

'வாடிக்கையாளர்' என்ற ஒரு சொல்லையே எடுங்கள். ஒரு வீட்டில் அப்பா பெயரில் ஐந்து சிம், ஒரே பில். சிஆர்எம்முக்கு அவர் ஒரு ஆள். பில்லிங்குக்கு ஒரு கணக்கு. பேசப் பேசக் காசைக் கணக்கிடும் சார்ஜிங்குக்கு ஐந்து எண்கள். மார்க்கெட்டிங் தலைவர் 'எத்தனை வாடிக்கையாளர்கள்' என்று கேட்டால் மூன்று அமைப்பும் மூன்று பதில் சொல்லும், மூன்றும் சரி. இன்னொன்று, 'சஸ்பெண்ட்'. நான் செய்த ஒரு திட்டத்தில் சிஆர்எம்மில் சஸ்பெண்ட் என்றால் வாடிக்கையாளரே கேட்டு நிறுத்தியது, பில்லிங்கில் பாக்கிக்காக நிறுத்தியது. இரண்டும் ஏபிஐயில் ஒரே சொல்லாகப் போயின. வெளிநாடு போவதற்காகத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தவருக்கு வசூல் எச்சரிக்கை போனது. ஏபிஐ சோதனை அத்தனையும் பாஸ்!

அதனால் இப்போதெல்லாம் இடைமுகம் வரைவதற்கு முன் ஒரு சொற்பட்டியல் போடச் சொல்கிறேன். இருபது, முப்பது சொல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே பொருள், எந்த அமைப்பு அதை மாற்றலாம், எவை வாசிக்க மட்டும். சண்டை எல்லாம் அந்தப் பட்டியலிலேயே வந்துவிடும். அங்கே வருவது நல்லது. பழைய சிஸ்டத்தை விட்டுப் புதியதற்கு மாறும் கட்ஓவர் இரவில் வந்தால் தாங்க முடியாது.

லண்டன், மைக்ரேஷன்

2016 அக்டோபரில் பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வோடஃபோனுக்கு விதித்த அபராதத்தைப் பலர் படித்திருப்பீர்கள். மொத்தம் 46 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்த நிறுவனத்தோடு எனக்குத் தொடர்பு எதுவும் கிடையாது. வெளியான அறிவிப்பைப் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் அது என் வேலையையே மாற்றிவிட்டது.

முன்பணம் கட்டிப் பேசும் 10,452 பேர் டாப்-அப் செய்தார்கள், பணம் கணக்கில் ஏறவில்லை. 17 மாதத்தில் அவர்கள் இழந்தது மொத்தம் 1,50,000 பவுண்டு. ஆளுக்குப் பதினான்கு பவுண்டு சொச்சம். அதற்கு அபராதம் 37 லட்சம். மீதி 9,25,000 பவுண்டு புகார்களைக் கையாண்ட விதத்துக்கு. எது புகார், எது சாதாரண விசாரிப்பு என்று வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லித் தரவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

என்னைத் தூங்க விடாதது அந்த 17 மாதம். தொகை சின்னது என்பதால் ஒரு பெரிய நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கையில் அது கண்ணில் படாது. பத்து பவுண்டு போட்டவருக்கு அது பெரிய பணம். அதற்குப் பிறகு நான் பொறுப்பேற்ற எந்த மைக்ரேஷனிலும், அதாவது வாடிக்கையாளர்களைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் வேலையிலும், ஒரு நிபந்தனை வைக்கிறேன். பணம் வாங்கிய எண்ணிக்கை, சார்ஜிங்கில் ஏறிய எண்ணிக்கை, லெட்ஜரில் பதிந்த எண்ணிக்கை மூன்றையும் தினமும் ஒப்பிட வேண்டும். சதவீதம் எனக்கு வேண்டாம். ஒப்பாதவர்களின் பட்டியல் வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். இது லைவுக்கு முன்பே ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மதுரை கால் சென்டர்

சார், நான் டெக்னிக்கல் இல்லை. பதினொரு வருடம் போன் எடுத்தேன், இப்போது டீம் லீடர். நீங்கள் எல்லோரும் சொல்லும் கட்ஓவர் இரவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்காருகிறவர்கள் நாங்கள்.

ஒரு முறை ஒன்பதரைக்குள் ஒரே மாதிரி பதினான்கு அழைப்பு. டேட்டா பேக் போட்டிருக்கிறது, ஆனால் மெயின் பேலன்ஸில் இருந்து காசு போகிறது. நான் எழுதி வைத்து மேலே சொன்னேன். "தனித்தனி டிக்கெட் போடுங்கள்" என்றார்கள். அது முன்னுரிமை மூன்று, 72 மணி நேரம். மாலை நான்கு மணிக்கு எங்கள் சூப்பர்வைசர் யாரோ தெரிந்தவர் மூலம் திட்ட அறைக்குப் பேசினார். அங்கே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏதோ ஒரு பேக்கின் அடையாள எண் புது சிஸ்டத்தில் வேறாக இருந்ததாம்.

லைவ் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு எங்களை ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. முதலில் தெரிவது எங்களுக்குத்தான். அந்த நாளில் திட்ட அறையின் போன் நம்பர் ஒன்று எங்கள் மேசையில் இருந்தால் போதும் சார், வேறொன்றும் கேட்கவில்லை.

சென்னை பில்லிங்

அம்மா, நீங்கள் எழுதியதை என் மேலாளருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு கட்ஓவர் இருக்கிறது. திட்ட அறை எண்ணை கால் சென்டரின் எல்லா ஷிஃப்டுக்கும் கொடுப்பது சரிபார்ப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரே மாதிரி ஐந்து அழைப்பு வந்தால் டிக்கெட் இல்லாமலே நேரடியாகக் கூப்பிடலாம் என்றும் சேர்த்திருக்கிறேன்.

கோவைத் தம்பி, உங்கள் டிசைன் டாக்குமென்ட்டில் தரவு உரிமையாளர் என்று ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு ஆளின் பெயர் இருக்கிறதா, வெறும் துறையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

கோவை, எட்டு மாத அனுபவம்

பார்த்துவிட்டேன் அண்ணா. மொத்தம் 58 வரி. 31க்கு ஆள் பெயர் இருக்கிறது. மீதியில் சிலதுக்கு 'ஐடி', சிலதுக்கு 'பிசினஸ்'. பில் முகவரிக்கு நேரே 'பிசினஸ் / ஐடி' என்று இரண்டும் இருக்கிறது. வியாழக்கிழமை டிசைன் ரிவ்யூ. 27 வரியையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், என் லீடிடம் சொல்லி முதல் அரை மணி நேரம் வாங்கியிருக்கிறேன்.