தரங்கம்பாடியில் இரண்டு நாள், என்ன பார்க்கலாம்?

கேள்வி: பொங்கல் லீவுக்கு அம்மா, பிள்ளைகளோடு போகிறோம். டேனிஷ் கோட்டை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்களே, அப்புறம்? அம்மாவால் அதிகம் நடக்க முடியாது.

பதில் 1: ஒரு மணி நேரமா! 1620-இல் கட்டியது, மேலே நின்றால் கடற்காற்று சேலையைப் பிடுங்கும். பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில், பழைய கோயிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. அங்கே அலைதடுப்புக் கருங்கல்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கி நான் முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

பதில் 2: ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தை விட்டுவிட்டீர்களே. அம்மாவுக்குத் திருக்கடையூர், ஆட்டோவிலேயே போகலாம். மறுநாள் காலை பூம்புகார், காவிரி கடலில் சேருமிடம்.

கேட்டவர்: சரிங்க, நன்றி. மீன் சாப்பாடு?

பதில் 1: காலையில் படகு கரையேறும்போதே வாங்கி, தங்குமிடத்தில் சமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள்.