மஞ்சள் மண்டி பில்லிங் மென்பொருள்: பிரவுசரா, டெஸ்க்டாப்பா?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் கமிஷன் மண்டிக்கு மென்பொருளைப் புதிதாக எழுதுகிறேன். இப்போது ஓடுவது 2003-இல் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழியில் எழுதியது, தரவு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில். எழுதியவர் இப்போது தொழிலில் இல்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஒட்டுப்போட்டதோடு சரி.

நான்கு மாதமாகிறது. முதலில் முதலாளி சொன்னதைக் கேட்டு அழகான வெப் திரை ஒன்று செய்தேன். கணக்குப்பிள்ளைகள் இருவரும் இரண்டே நாளில் பழையதற்குத் திரும்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு வாரம் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மவுஸைத் தொடுவதே இல்லை. லாட் எண், மூட்டை, எடை, விலை எல்லாம் என்டர் தட்டியே போகிறது. கண் எடைச் சீட்டில்தான் இருக்கிறது. அந்த வேகத்தை நான் கெடுத்துவிடக் கூடாது.

அதே வரிசையில் திரையை மாற்றினேன். எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்பட்டு பதிவு போனது; ஜாவாஸ்கிரிப்டில் தடுத்துவிட்டேன். ஆனால் புது லாட்டுக்கு அவர்கள் பழகிய கண்ட்ரோல்-என் குரோமில் புது விண்டோவைத் திறக்கிறது, தடுக்க முடியவில்லை. வேறு விசை கொடுத்தேன், கை பழைய இடத்துக்கே போகிறது.

இப்படி விசைப்பலகையிலேயே வாழ்பவர்களுக்கு மென்பொருள் எழுதியவர்கள் சொல்லுங்கள்: வெப்பிலேயே தொடரலாமா, டெஸ்க்டாப் செயலியாக மாற்றிவிடவா?