வீட்டிலேயே படிக்கும் மகளுக்குப் பத்தாம் வகுப்பு: புதுச்சேரி, கடலூர் பக்கம் யாராவது உதவ முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் என் மகளுக்கு 14 வயது முடிந்துவிட்டது, இந்த வருடம் என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறாள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஓவியம் என்று ஐந்து பாடம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு தடவை தேர்வு இருக்கிறது, பிரித்து எழுதலாமே என்றால் கேட்பதில்லை, எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே முடிப்பாளாம். இதில் பிரெஞ்சு வகுப்பு, சாயங்காலம் சிலம்பம் வேறு, ஒன்றையும் விடமாட்டாள்!

எனக்குக் கவலை அறிவியல் செய்முறைதான். புத்தகத்தை வைத்து எவ்வளவு விளக்கினாலும் சோதனைக் குழாயைக் கையில் பிடித்தால்தானே பயம் போகும்? லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் யாராவது வாரம் ஒரு நாள் சொல்லித்தர முடியுமா? கட்டணம் கொடுத்துவிடுகிறோம். கடலூர் என்றாலும் சரி, சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவோம்.

அப்புறம், டிஎம்ஏவுக்கு (வீட்டில் எழுதி, ஆசிரியர் திருத்துவதற்கு ஒப்படைக்கும் பயிற்சிகள்) 20 சதவீத மதிப்பெண் இருப்பதால், ஏற்கெனவே பிள்ளைகளை எழுதவைத்த அம்மா அப்பாக்கள் அதற்கு எப்படி நேரம் ஒதுக்கினீர்கள் என்று சொல்லுங்கள். இதே வருடம் எழுதும் பிள்ளைகள் இருந்தால் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம், அவளுக்கும் துணையாக இருக்கும்.