ஹொட் டோக் மேல் புளித்த கோவா: பிரஷர்காரருக்கு ஆகுமா?

கந்தப்பளை அம்மா:
மகன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறான். லீவில் வரும்போது உப்பில் புளிக்கவைத்த கோவா ஒரு போத்தல் கொண்டுவருவான்; சவர்க்ரவுட் என்று பேராம். சொசேஜை வாட்டி, பணிஸில் வைத்து, மேலே அதை அள்ளிப் போடுகிறான். கோவாச் சுண்டலைத் தொடாத பேத்தி இதை ரெண்டு கேட்கிறாள். மரக்கறி சேர்வதால் சத்து என்கிறான் மகன். அவளுடைய தாத்தா பிரஷருக்குக் குளிசை போடுகிறவர். அவருக்கும் கொடுக்கலாமா?

பதுளை தங்கச்சி:
அக்கா, கோவாவில் குறையில்லை. 100 கிராமில் 20 கலோரிதான், நார்ச்சத்து 3 கிராம் அளவு, விற்றமின் சியும் உண்டு. 1768இல் ஜேம்ஸ் குக் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கடற்பயணம் புறப்பட்டபோது, மாலுமிகளுக்கு விற்றமின் சி குறைவால் வருகிற ஸ்கர்வி நோய் வராமலிருக்க இதைத்தான் பீப்பாய்களில் ஏற்றிப் போனார்.

என் பயம் உப்பில், அதில் இருக்கிற சோடியம்தான் பிரஷரைக் கூட்டும். ஒரு சொசேஜில் சோடியம் 450, 500 மில்லிகிராம் வரை வரும். பணிஸில் 200 அளவு. 50 கிராம் கோவா போட்டால் இன்னும் 300க்கு மேல். கூட்டினால் 1000. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 2000க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பணிஸிலேயே பாதி போய்விட்டது, கருவாடும் சம்பலும் இன்னும் கணக்கில் வரவில்லை. என் அப்பாவைப் பிரஷரில்தான் பறிகொடுத்தோம் அக்கா, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சொசேஜும் லேசுப்பட்டதல்ல. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு சொசேஜ், சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறதாம். மேலே கோவா வைப்பதால் அது இல்லாமல் போகாது. பேத்திக்கு எப்போதாவது ஒன்று கொடுங்கள், ரெண்டு வேண்டாம்.

அட்டன் சமையல்காரன்:
வீட்டில் போட்டால் உப்பைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள் அம்மா. கோவா கிலோவுக்கு 20 கிராம் உப்பாவது வேண்டும், குறைந்தால் அழுகிவிடும். நம் குளிருக்கு மூன்று நான்கு கிழமையில் பதமாகப் புளிக்கும். குறைக்க வேண்டியது தட்டில் வைக்கிற அளவை. ரெண்டு தேக்கரண்டி போதும். சட்டியில் போட்டு வதக்கினால் நன்மை செய்கிற கிருமிகள் செத்துவிடும், அதனால் அடுப்பை அணைத்த பிறகு மேலே வையுங்கள்.

நான் சொசேஜையே விட்டுவிட்டேன். அவித்த முட்டையோடு ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறேன். அந்த ரொட்டி மாவுக்கு உப்புப் போடுவதில்லை, கோவாவில் இருப்பதே காணும்.

கந்தப்பளை அம்மா:
மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிறு அவருக்கு முட்டை ரொட்டிதான். அப்புறம் ஒன்று, போத்தலில் மிஞ்சுகிற தண்ணீரை அவர் வயிற்றுக்கு நல்லதென்று குடிக்கிறாரே?

பதுளை தங்கச்சி:
ஐயோ, நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. அது அத்தனையும் உப்புத் தண்ணீர்.